1889-இல் பிறந்ததா, 2002-இல் பிறந்ததா? ஏ.எஃப்.சி. விம்பிள்டன் தொடங்கிய கதை

#1 வடக்குக் கோல்

போன வாரம் இங்கிலாந்துக் கால்பந்து பற்றிய இன்னொரு இழையில் "1988-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது ஏ.எஃப்.சி. விம்பிள்டன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். உடனே மூன்று பேர் பாய்ந்து வந்தார்கள். அந்தக் கிளப் தொடங்கியதே 2002-இல்தானாம். பிறப்பதற்குப் பதினான்கு வருடம் முன்பே கோப்பை வாங்கிய ஒரே குழந்தை அதுதானாம். கிண்டல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2002-இல் நடந்ததை முழுதாகச் சொல்லாமல் இந்தச் சண்டையைப் போட முடியாது. அதனால்தான் தனி இழை.

முதலில் முன்கதை. தென்மேற்கு லண்டனில் விம்பிள்டன் கிளப் 1889-இல் தொடங்கியது. அப்போது பெயர் விம்பிள்டன் ஓல்ட் சென்ட்ரல்ஸ். ஏறக்குறைய தொண்ணூறு வருடம் சின்ன லீகுகளிலேயே கிடந்தது. 1977-இல்தான் ஃபுட்பால் லீகுக்குள், அதாவது இங்கிலாந்தின் தேசியத் தொழில்முறை லீகுக்குள், இடம் கிடைத்தது. அங்கிருந்து ஒன்பதே வருடத்தில், 1986-இல், அப்போதைய உச்ச அடுக்கான முதல் டிவிஷன். 1988 மே 14 அன்று வெம்ப்ளியில் லிவர்பூலை 1-0 என்று சாய்த்துக் கோப்பை. லாரி சான்செஸ் தலையால் முட்டிய கோல் பலருக்கும் நினைவிருக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது, ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்ட்டியை டேவ் பீசன்ட் தடுத்தது. எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஒரு கோல் கீப்பர் பெனால்ட்டியைத் தடுத்தது அதுதான் முதல்முறை.

அடுத்த வருடம் ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில் ரசிகர்கள் நெரிசலில் சிக்கி இறந்தார்கள். அதற்குப் பின் வந்த டெய்லர் அறிக்கை, பெரிய கிளப்புகளின் ஸ்டேடியங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. விம்பிள்டனின் பழைய மைதானம் பிளவ் லேன் அதற்கு லாயக்கில்லை என்று 1991-இல் கிளப் கிளம்பி, கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்குக் குடியேறியது. தற்காலிகமாக என்றுதான் சொன்னார்கள். பிறகு திரும்பிப் போக இடமே இல்லாமல், 1998-இல் பிளவ் லேன் சேஃப்வே சூப்பர்மார்க்கெட்டுக்கு விற்கப்பட்டது. டப்ளினுக்குப் போகலாம் என்றுகூட ஒரு கட்டத்தில் பேச்சு ஓடியது. நாடு விட்டு நாடு!

உரிமையாளர் சாம் ஹம்மாமிடமிருந்து 1997-இல் கிளப்பை வாங்கியவர்கள் இரண்டு நார்வே பணக்காரர்கள். 2000 மே 14 அன்று, கோப்பை வென்று சரியாகப் பன்னிரண்டு வருடம் ஆன அதே தேதியில், அணி பிரீமியர் லீகிலிருந்து கீழே இறங்கியது. 2001 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது: கிளப் மில்டன் கீன்ஸுக்குப் போகிறது.

மில்டன் கீன்ஸ் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.

#2 ஆஃப்சைடு ஆறுமுகம்

பார்த்தேன். சுமார் 90 கிலோமீட்டர். வாடகை வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போனது போல இருக்கிறது. சாமான்களோடு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போனால் பரவாயில்லை. இங்கே குழந்தைகளை வாசலிலேயே விட்டுவிட்டார்கள்.

#3 முதல் டச்

எனக்கு இதெல்லாம் புதுசு. ஒரு சந்தேகம். ஒரு கிளப்பை இப்படி ஊர் மாற்ற லீக் நிர்வாகம் அனுமதிக்குமா? யாரும் தடுக்கவில்லையா?

#4 எதிர்க்கட்சி

தடுப்பது இருக்கட்டும், மறுபக்கத்தையும் கொஞ்சம் பார்க்கலாமே. இந்தக் கதையை எப்போதும் ஒரே ராகத்தில்தான் பாடுகிறார்கள்.

இடம் மாறுவது இங்கிலாந்தில் நடக்காத காரியமா என்ன? ஆர்சனல் எங்கே பிறந்தது? தேம்ஸுக்குத் தெற்கே வுல்விச்சில், ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் அணியாக. 1913-இல் ஆற்றைத் தாண்டி வடக்கே ஹைபரிக்குப் போனது. இன்று எவராவது ஆர்சனலைப் போலி என்கிறார்களா?

அப்புறம் ரசிகர் விஷயம். 1993 ஜனவரியில் விம்பிள்டனும் எவர்டனும் ஆடிய பிரீமியர் லீக் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 3,039 பேர். பார்வையாளர்களை உள்ளே விடாத கொரோனா காலத்தை விட்டுவிட்டால், பிரீமியர் லீகில் மிகக் குறைந்த கூட்டம் அதுதான். சொந்த மைதானம் இல்லை, கூட்டம் இல்லை, மாதா மாதம் நஷ்டம். முதலாளி என்னதான் செய்வார்? மில்டன் கீன்ஸ் வளர்ந்துகொண்டிருந்த புது நகரம். இடம் தரத் தயாராக இருந்தார்கள். வியாபாரக் கண்ணால் பார்த்தால் அந்த முடிவில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை.

#5 வடக்குக் கோல்

எதிர்க்கட்சி, ஆர்சனல் வாதம் பலமானதுதான். ஆனால் வுல்விச்காரர் ஒருவர் 1913-இல் டிராம் பிடித்தாவது ஹைபரிக்குப் போய்விடலாம். அதே லண்டன்தானே. மில்டன் கீன்ஸ் அப்படியல்ல. இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. ஆர்சனல் போன பிறகு வுல்விச்சில் யாரும் புதிதாக ஒரு ஆர்சனலைத் தொடங்கவில்லை.

முதல் டச், நல்ல கேள்வி. லீக் முதலில் மறுத்துவிட்டது. கிளப் விடவில்லை. நடுவர் மன்றம் வரை போய், கடைசியில் எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்து சங்கம்) அமைத்த மூவர் குழுவின் முன் விஷயம் வந்தது. 2002 மே 28 அன்று தீர்ப்பு: இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி. கேட்டவர்களை அதிகம் எரியவைத்தது அனுமதிகூட இல்லை. தீர்ப்பின் உள்ளே, ரசிகர்கள் பழைய கிளப்பைச் சாம்பலிலிருந்து எழுப்பி 113 வருடம் முன்பு தொடங்கிய நிலையிலிருந்து மறுபடி தொடங்கலாமே என்ற யோசனையையும் தொட்டிருந்தார்கள். அது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்பது குழுவின் கருத்து.

அந்த ஒரு வரியை அவர்கள் எழுதாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. செய்யாதே என்று சொன்னதையே செய்து காட்டும் வீம்பு ரசிகர்களுக்கு உண்டு. இரண்டு நாள் கழித்து, மே 30 அன்று, சுயேச்சை ரசிகர் சங்கத்தின் கூட்டம் நடந்தது. மேல்முறையீடு, வழக்கு என்று பேச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, சங்கத் தலைவர் கிரிஸ் ஸ்டூவர்ட் எழுந்து, சண்டை போட்டுக் களைத்துவிட்டேன், எனக்குக் கால்பந்து பார்த்தால் போதும் என்கிற பொருளில் பேசினார். கிளப் அங்கே முடிவானது. அவரோடு ஐவர் ஹெல்லர், மார்க் ஜோன்ஸ், டிரெவர் வில்லியம்ஸ் என்று நான்கு பேர் முன்னால் நின்றார்கள்.

கவனியுங்கள், அது மே மாதக் கடைசி. சீசன் ஆகஸ்டில். கையில் ஆட்டக்காரர் இல்லை, பயிற்சியாளர் இல்லை, மைதானம் இல்லை, ஆட லீகும் இல்லை.

#6 ரூட்டிங் தம்பி

வணக்கம் எல்லோருக்கும். கன நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இந்தத் தலைப்பைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை.

நான் 1999-இல் லண்டன் வந்து ரூட்டிங்கில் இருந்தேன். அங்கிருந்து பழைய பிளவ் லேன் நடை தூரம். ஆனால் நான் வந்த நேரம் அங்கே உதைபந்தாட்டமே இல்லை, பூட்டிக் கிடந்த மைதானம்தான். ஊரில் இருக்கும்போது தொலைக்காட்சியில் பார்த்த விம்பிள்டன் இதுதானா என்று பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்ப்பேன்.

என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர், அறுபது வயது இருக்கும், சின்ன வயதிலிருந்தே விம்பிள்டன் ஆதரவாளர். 2001-இல் அந்த அறிவிப்பு வந்த பிறகு செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவரைப் போல நிறையப் பேர். சிலர் வாசல் வரை போய் எதிர்ப்புக் காட்டிவிட்டுத் திரும்புவார்கள். கிளப் விற்கிற ஆட்டப் புத்தகத்துக்குப் போட்டியாக ஆதரவாளர்களே ஒன்று அச்சடித்து விற்றார்கள். அந்த ஒரு வருடப் போராட்டத்தை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், புதுக் கிளப்பை நடத்தும் பழக்கம் அங்கேதான் வந்தது. யார் அச்சடிப்பது, யார் காசு சேர்ப்பது, யார் மைக் பிடிப்பது என்பதெல்லாம் முதலே பழகிவிட்டது. இல்லாவிட்டால் ஆறு கிழமையில் ஒரு கிளப்பை எழுப்ப முடியாது.

ஜூன் 13 அன்று புது மேலாளர் டெரி ஈம்ஸ், சட்டை, சின்னம், மைதானம் எல்லாவற்றையும் ஒன்றாக அறிவித்தார்கள். எங்கே தெரியுமா? ஃபாக்ஸ் அண்ட் கிரேப்ஸ் என்ற மதுக்கடையில். 1889-இல் பழைய அணி விம்பிள்டன் காமன் புல்வெளியில் விளையாடிய காலத்தில் உடை மாற்றிய இடம் அதுதான். ஜூன் 29 அன்று அதே புல்வெளியில் ஆள் தேர்வு. எந்தக் கிளப்பிலும் இல்லாத எவரும் வரலாம் என்று அழைத்தார்கள். 230 பேர் வந்தார்கள்.

நானும் போயிருக்கலாம். அன்று வேலை. (வேலை இல்லாவிட்டாலும் எடுத்திருக்க மாட்டார்கள் என்பது வேறு கதை.)

#7 ஆஃப்சைடு ஆறுமுகம்

231-ஆவது ஆள் நம்ம தம்பி. வரலாறு எவ்வளவு நெருக்கத்தில் தவறிவிட்டது!

#8 முதல் டச்

ரூட்டிங் தம்பி அண்ணா, முதல் ஆட்டம் எப்படி இருந்தது? யாரோடு ஆடினார்கள்? எந்த லீக் சேர்த்துக்கொண்டது?

#9 ரூட்டிங் தம்பி

முதல் ஆட்டம் ஜூலை 10, சட்டன் யுனைட்டடோடு அவர்கள் மைதானத்தில், சிநேகபூர்வ ஆட்டம். ஆள் தேர்வு முடிந்து பதினொரு நாள்தான். 4-0 என்று தோற்றார்கள். வந்த சனம் 4,657 பேர். சனம் உள்ளே போய் முடியாததால் ஆட்டம் பிந்தித்தான் தொடங்கியது. நான்கு கோல் வாங்கிய அணிக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததை நான் கேள்விப்பட்டதே இல்லை என்று என் வேலைத்தல நண்பர் பிறகு சொன்னார். அவர் அன்று அழுதாராம். அதையும் வெட்கப்படாமல் சொன்னார்.

சேர்த்துக்கொண்டது கம்பைண்டு கவுண்டீஸ் லீக். மேலிருந்து எண்ணினால் ஒன்பதாம் அடுக்கு. ஆகஸ்ட் 17 அன்று முதல் லீக் ஆட்டம், சாண்ட்ஹர்ஸ்ட் டவுன் ஊரில். 2-1 வெற்றி. வழக்கமாக நூறு பேர்கூட வராத அந்தச் சின்ன மைதானத்துக்கு 2,449 பேர் போனார்கள். நாலு நாள் கழித்து, புதுக் கிளப் தன் மைதானமாக வைத்துக்கொண்ட கிங்ஸ்மெடோவில் முதல் வீட்டு ஆட்டம். நாலாயிரத்துக்கு மேல் சனம், எதிரணி சிப்ஸ்டெட். அதில் தோல்வி. கதை என்றால் வெற்றி எழுதியிருப்பார்கள், இது நிசம்.

எனக்கு முதல் ஆட்டம் 2003-இல்தான். எதிரணியின் பெயர்கூட இப்போது நினைவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்த்தேன். கோல் கீப்பர் திரும்பிச் சனத்தோடு கதைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர், இந்தக் கதவுக்கு நான்தான் போன கிழமை வர்ணம் அடித்தேன் என்று காட்டினார். அந்தக் கதவுதான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது.

#10 கணக்கன்

எண்களைப் பார்க்காமல் பேசினால் எனக்குத் தூக்கம் வராது.

எதிர்க்கட்சி சொன்ன 3,039 சரி. இப்போது இதைப் பாருங்கள். 2002-03 சீசனில், ஒன்பதாம் அடுக்கில், ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் வீட்டு ஆட்டங்களுக்கு வந்த சராசரிக் கூட்டமும் மூவாயிரத்தைத் தாண்டியது. பிரீமியர் லீகில் எவர்டன் வந்தபோது இருந்த கூட்டம், எட்டு அடுக்கு கீழே, பெயர் தெரியாத அணிகளுக்கு எதிராகவும் வந்திருக்கிறது. அதே சீசனில் பழைய கிளப் இன்னும் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் முதல் டிவிஷன் (அப்போது பிரீமியர் லீகுக்கு அடுத்த படி) ஆடிக்கொண்டிருந்தது. 2002 அக்டோபரில் ராதரம் வந்த அன்று உள்ளே இருந்தவர்கள் 849 பேர். ரசிகர் இல்லாத கிளப் என்று சொல்வதைவிட, ரசிகர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்பதுதான் சரி.

அடுத்து சொத்து. 2003-இல் கிங்ஸ்மெடோ மைதானத்தின் குத்தகை உரிமையை 24 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். ரசிகர்களிடம் பங்கு விற்றும் கடன் வாங்கியும் திரட்டிய பணம். கிளப்பின் பெரும்பங்கு டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பிடம் (நடனம் இல்லை, Dons என்பது விம்பிள்டனின் செல்லப்பெயர்). அதில் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. ஆயிரம் பவுண்டு போட்டவருக்கும் ஒன்று, வருடச் சந்தா மட்டும் கட்டியவருக்கும் ஒன்று. எங்கள் குடியிருப்புச் சங்கத்தையே அப்படி நடத்த முடியவில்லை. இவர்கள் தொழில்முறை கிளப்பை நடத்துகிறார்கள்.

அதே 2003 ஜூனில் பழைய கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது, செப்டம்பரில் மில்டன் கீன்ஸுக்குப் போனது, அந்த சீசன் முடிவில் தரமிறங்கியது. 2004-இல் பெயரையும் எம்.கே. டான்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

#11 எதிர்க்கட்சி

849-க்குப் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது புறக்கணிப்பால் வந்த எண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

களத்துக்கு வருவோம். மூவாயிரம் பேர் டிக்கெட் வாங்குகிற அணி, ஐம்பது பேர் வருகிற அணிகளோடு ஆடினால் ஜெயிக்காமல் என்ன செய்யும்? கொழுத்த ஆட்டுக்கும் கோழிக்குஞ்சுக்கும் மல்யுத்தம்.

#12 வடக்குக் கோல்

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் முதல் சீசனில் அவர்களால் மேலே ஏறவே முடியவில்லை. கடைசிப் பதினொரு ஆட்டங்களையும் வென்றும் மூன்றாம் இடம்தான். கூட்டம் இருந்தால் போதாது என்று அந்த வருடம் காட்டியது.

இரண்டாம் சீசன்தான் நீங்கள் சொல்கிற மல்யுத்தம். 46 லீக் ஆட்டங்களில் 42 வெற்றி, 4 டிரா, தோல்வியே இல்லை. கெவின் கூப்பர் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 66 கோல். 2003 பிப்ரவரியிலிருந்து தொடர்ச்சியாக 78 லீக் ஆட்டம் தோற்கவில்லை. இங்கிலாந்தின் சீனியர் கால்பந்தில் அது சாதனை. 2004 டிசம்பர் 4 அன்று கிரே வாண்டரர்ஸ் 2-0 என்று அந்தத் தொடரை முறித்தது.

வேடிக்கை என்னவென்றால், தோற்காத அந்த சீசனின் நடுவிலேயே, 2004 பிப்ரவரியில், மேலாளர் டெரி ஈம்ஸ் நீக்கப்பட்டார். ரசிகர்கள் நடத்தும் கிளப் என்றதும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுவார்கள் என்று கற்பனை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உள்ளே சச்சரவு இருந்தது, மனக்கசப்பு இருந்தது. எந்தக் கிளப்பிலும் இருப்பதுதான்.

#13 ஆஃப்சைடு ஆறுமுகம்

நம்ம ஊர் கோயில் கமிட்டியைப் பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தேர் நன்றாக ஓடும் வருடத்தில்தான் தர்மகர்த்தாவை மாற்றுவார்கள்.

#14 நெறியாளர்

தேர், கோயில், குடியிருப்புச் சங்கம் எல்லாம் வேறு பகுதிக்கு. இங்கே விம்பிள்டன் மட்டும்.

#15 கணக்கன்

உத்தரவு. ஒரு நிர்வாகச் சொதப்பலைச் சொல்லியே ஆக வேண்டும், இது தலைப்புக்குள்தான். 2006-07 சீசனில் ஜெர்மைன் டார்லிங்டனைச் சேர்த்தார்கள். முன்பு பழைய விம்பிள்டனுக்கே ஆடியவர். ஆனால் இடையில் கார்டிஃபில் இருந்துவிட்டு வந்ததால், வேல்ஸிலிருந்து இங்கிலாந்துக்கு மாறுவதற்குச் சர்வதேச மாற்றுச் சான்று வேண்டும். அந்தக் காகிதத்தை யாரும் வாங்கவில்லை. 18 புள்ளிகள் பறிப்பு, சின்னக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. டிராஃபி போட்டியிலிருந்தும் வெளியேற்றம். மேல்முறையீட்டில் பறிப்பு 3 புள்ளியாகக் குறைந்தது. ஆனாலும் அந்த வருடம் மேலே ஏறவில்லை. கொடி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஃபைல் பிடிக்கவும் தெரிய வேண்டியிருக்கிறது.

அடுத்து டெரி பிரவுன் மேலாளராக வந்தார், 2008, 2009 என்று அடுத்தடுத்து இரண்டு முறை மேலே. அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

#16 முதல் டச்

எனக்குத் தெரியாதே!

#17 வடக்குக் கோல்

முதல் டச்சுக்காக. 2004, 2005, 2008, 2009 என நான்கு முறை ஏறி ஐந்தாம் அடுக்குக்கு வந்துவிட்டார்கள். அடுத்த படி ஃபுட்பால் லீக். 2011 மே 21, மான்செஸ்டரில் பிளே-ஆஃப் இறுதி, எதிரணி லூட்டன். கூடுதல் நேரம் முடிந்தும் 0-0. பெனால்ட்டியில் கோல் கீப்பர் செப் பிரவுன் இரண்டைத் தடுத்தார். விம்பிள்டன் ரசிகராகவே வளர்ந்த பையன் அவர். கடைசிப் பெனால்ட்டியைக் கேப்டன் டேனி கெட்வெல் அடித்தார். 4-3. தொடங்கி ஒன்பது வருடத்தில் ஃபுட்பால் லீக். 2016-இல் ஆறாவது முறையாக ஏறி மூன்றாம் அடுக்கு.

இப்போது என் பழைய வாதத்துக்கு வருகிறேன். 2006-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது, அதன்படி 2007 ஆகஸ்டில் எம்.கே. டான்ஸ் கிளப், 1988 கோப்பையின் பிரதி உட்படப் பழைய விம்பிள்டனின் உடைமைகளை, விம்பிள்டன் பகுதியின் உள்ளாட்சியான மெர்டன் கவுன்சிலிடம் ஒப்படைத்தது. தங்கள் வரலாறு 2004-இல் தொடங்குவதாகவும் ஏற்றுக்கொண்டது. சட்டப்படி பழைய கிளப்பின் லீக் இடத்தை எடுத்துக்கொண்டவர்களே 1988 எங்களுடையதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் அது யாருடையது? காற்றிலா தொங்குகிறது?

#18 எதிர்க்கட்சி

மெர்டன் மக்களுடையது. கவுன்சிலிடம்தானே கொடுத்தார்கள்? புதுக் கிளப்பிடம் கொடுக்கவில்லையே. அந்த உடன்பாட்டை எழுதியவர்கள் உங்களைவிடக் கவனமாக இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன். இதுவரை இங்கே யாரும் தொடவில்லை. கிங்ஸ்மெடோ யாருடைய மைதானம்? கிங்ஸ்டோனியன் என்ற கிளப் 1989-இல் கட்டிய மைதானம். அவர்கள் 2001-இல் திவாலானார்கள், குத்தகை கைமாறியது, 2003-இல் உங்கள் ஏ.எஃப்.சி. அதை வாங்கியது. கிங்ஸ்டோனியன் தன் சொந்த வீட்டிலேயே வாடகைக்காரர் ஆனது. பிறகு விம்பிள்டன் புது ஸ்டேடியம் கட்டப் பணம் தேவைப்பட்டதும் கிங்ஸ்மெடோவைச் செல்சிக்கு விற்றார்கள். பிறகு செல்சி பெண்கள் அணி அங்கே ஆட வந்தது. 2017-இல் கிங்ஸ்டோனியன் வெளியே. அதற்கப்புறம் வேறு கிளப்புகளின் மைதானங்களில் ஒண்டுக்குடித்தனம்.

தன் கிளப்பை ஊர் கடத்தினார்கள் என்று அழுது பிறந்த கிளப், இன்னொரு கிளப்பைத் தெருவில் விட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#19 ஆஃப்சைடு ஆறுமுகம்

...

ஜோக் எதுவும் வரவில்லை. அடுத்தவர் பேசுங்கள்.

#20 ரூட்டிங் தம்பி

இதற்கு நான் பதில் எழுத வேண்டும், ஏனென்றால் 2017-இல் நானும் டிரஸ்ட் உறுப்பினர்.

நியாயம் கதைப்பதென்றால் இரண்டு பக்கமும் கதைக்கலாம். கிங்ஸ்டோனியனைத் திவாலாக்கியது நாங்கள் இல்லை. நாங்கள் வாங்கியபோது சந்தையைவிடக் குறைந்த வாடகையில் அவர்களைத் தொடர்ந்து விளையாட விட்டோம். பிளவ் லேனுக்குத் திரும்புவதற்கு வேறு காசு இல்லை. இதெல்லாம் உண்மைதான். கூட்டங்களில் நானும் இதையேதான் சொன்னேன்.

ஆனால் கிங்ஸ்டோனியனின் வயதான ஆதரவாளர் ஒருவர் நாங்கள் வழமையாக நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் தங்கள் அணியின் ஆட்டத்துக்கு நிற்பார். எனக்கு முகப் பழக்கம். விற்பனை உறுதியான பிறகு ஒருநாள் வாசலில் கண்டேன். "நீங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள், சந்தோசம்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் எங்கே போவீர்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

எதிர்க்கட்சி அண்ணா, நீங்கள் சொன்னது பிழை இல்லை.

#21 வடக்குக் கோல்

ரூட்டிங் தம்பி இப்படி எழுதிய பிறகு நான் வக்கீல் வாதம் பேசினால் நன்றாக இருக்காது. இந்த இழையைத் தொடங்கும்போது கிங்ஸ்டோனியன் விஷயம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை. கதை அழகாகப் போய்க்கொண்டிருந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

#22 கணக்கன்

பொது நன்மைக்காக இன்னும் சில வரிகள். புது பிளவ் லேன் பழைய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நாய்ப் பந்தய ஸ்டேடியம் இருந்த இடத்தில் வந்திருக்கிறது. கட்டி முடிக்கப் பணம் போதாமல் ரசிகர்களிடமே கடன் பத்திரம் விற்று 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். முதல் ஆட்டம் 2020 நவம்பர் 3, டான்காஸ்டரோடு, 2-2. முதல் கோல் ஜோ பிகாட். இருபத்தொன்பது வருடம் காத்திருந்து திரும்பிய அன்று, கொரோனாவால் ரசிகர் ஒருவரைக்கூட உள்ளே விடவில்லை.

#23 முதல் டச்

ஐயோ. ஒருவர்கூடவா?

#24 ரூட்டிங் தம்பி

ஒருவர்கூட இல்லை. வீட்டில் மடிக்கணினியில் பார்த்தேன். என் வேலைத்தல நண்பர் 2014-இலேயே போய்விட்டார். அவருடைய மகள் அன்று தொலைபேசியில் எடுத்து, சத்தத்தைக் கூட்டி வை, இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம் என்றாள். பிகாட் கோல் அடித்தபோது அவளுடைய பக்கத்தில் ஒளிபரப்புக் கொஞ்சம் பிந்தி ஓடியது. நான் கத்தியதைக் கேட்டுத்தான் கோல் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்காக இன்றும் என்னை ஏசுகிறாள்.

#25 எதிர்க்கட்சி

தம்பி, மில்டன் கீன்ஸ் ஆட்கள் வரும்போது அங்கே எப்படி இருக்கும்? ஸ்கோர்போர்டில் பெயரையே முழுசாகப் போடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

#26 ரூட்டிங் தம்பி

2017-இல் கிங்ஸ்மெடோவில் 'எம்.கே.' என்று மட்டும் போட்டார்கள், டான்ஸ் என்று போடவில்லை. லீக் நிர்வாகம் குற்றச்சாட்டு வரைக்கும் கொண்டுபோனது. என்னைக் கேட்டால் அது சின்னப்பிள்ளை வேலை. முதல் தடவை 2012 டிசம்பரில் எஃப்.ஏ. கோப்பையில் அவர்கள் ஊரில் சந்தித்தபோது நான் போகவில்லை, போகக்கூடாது என்று ஒரு வீம்பு. கடைசி நேரத்தில் ஒட்செமோபர் குதிகாலால் தட்டிய கோலில் 2-1 என்று தோற்றோம். போனவர்கள் சொன்னது: எதிரில் இருந்த சனத்தில் பாதிப் பேர் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெடியன்கள். 2002-இல் அதுகள் கைக்குழந்தை. அதுகளை எப்படி வெறுக்கிறது?

#27 எதிர்க்கட்சி

சரி. கோப்பை மெர்டனுடையது என்பதில் நான் மாறவில்லை. ஆனால் மற்ற இழையில் உங்களைக் கிண்டல் செய்த அந்த மூன்று பேரில் ஒருவன் நான்தான், வேறு பெயரில். அந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.

#28 வடக்குக் கோல்

எடுக்க வேண்டாம், இருக்கட்டும். நல்ல ஜோக். என் வரியைத்தான் திருத்துகிறேன்: "1988-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது விம்பிள்டன்." ஏ.எஃப்.சி.யை எடுத்துவிட்டேன். கிங்ஸ்டோனியனுக்குத் தனி இழை தொடங்கலாமா, நெறியாளரே? 1885 வரை பின்னோக்கிப் போகிற கிளப். எதிர்க்கட்சி தொடங்கினால் நான் வந்து எழுதுகிறேன்.